ஒரு இறைப்புக்கு எவ்வளவு மண்ணெண்ணெய்?

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது, வெள்ளவத்தையில் நான் இருந்த மாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழே நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் நிறையவே இருந்தது. அதை மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றும் மோட்டார்தான் ஓடவில்லை. வாளியோடு படிக்கட்டில் ஏறி இறங்கிய மூன்றாவது நாள், வலிகாமத்தில் தோட்டம் செய்யும் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து எங்கள் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பிள்ளை, உங்களுக்குக் கரண்ட் இல்லாட்டிக் குளிக்கிறதுக்குத்தான் தண்ணி இல்லை. எனக்கு மண்ணெண்ணெய் இல்லாட்டி வெங்காயம் செத்துப்போகும். நாலு நாளாச் செட்டில லைனில நிக்கிறன்.”

செட் என்று அவர் சொன்னது எரிபொருள் நிரப்பு நிலையத்தை. அந்த மாதங்களில் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் மண்ணெண்ணெய்க் கான்களை வரிசையில் வைத்துவிட்டு இரவில் அங்கேயே படுத்தார்கள். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகு எண்ணெய் இல்லாமல் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. கொழும்பில் அந்தச் செய்தி ஒரு நாள் தலைப்பாக இருந்துவிட்டுப் போய்விட்டது. சில வாரங்களின் பின் கொட்டாஞ்சேனையில் யாழ்ப்பாணத்து மரக்கறி விற்கும் கடையில் சின்ன வெங்காயத்தின் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பிய ஒரு அம்மாவைப் பார்த்தேன். கடைக்கார அண்ணை, “லொறிக்காரன் கூட்டிப்போட்டான், தோட்டக்காரனும் கூட்டிப்போட்டான், நான் என்ன செய்ய?” என்றார். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

வெங்காயத்தின் விலைக்குள் தண்ணீர் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று அன்றிலிருந்து கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். நான் படித்தது ஊடகக் கற்கை. பொறியியல் தெரியாது. ஆனால் இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடத்துப் பௌதிகம் போதும்.

யாழ்ப்பாணத்தில் தோட்டக் காணியைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். நான்கு பரப்பு வெங்காயத்துக்கு வாய்க்கால் வெட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினால், வாய்க்கால் உறிஞ்சுவதையும் சேர்த்து ஒரு இறைப்புக்கு 40 மில்லிமீற்றர் உயரத் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 40,000 லீற்றர். கிணற்றில் தண்ணீர் எட்டு மீற்றர் கீழே நிற்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பீதுருதாலகாலை மலையின் உயரத்தை, கடல் மட்டத்திலிருந்து, இரண்டு தடவைக்கும் சற்று அதிகமாக ஏறுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமோ, அவ்வளவு இந்த 40,000 லீற்றரை எட்டு மீற்றர் தூக்குவதற்கும் வேண்டும்.

அந்த உழைப்பை முந்தி மனிதர்தான் செய்தார்கள். துலா என்று நாங்கள் சொல்லும் ஏற்றம். துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையைக் கிணற்றுக்குள் விட்டுத் தூக்கி வாய்க்காலில் ஊற்றுவார். மூன்றாமவர் தோட்டத்துக்குள் நின்று தண்ணீர் மாறுவார். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறமுதல் முடிப்பார்கள். இறைப்பு நெஞ்சை முறிக்கும் வேலை. அதனால் தேவைக்கு மேல் ஒரு பட்டை தண்ணீர்கூட யாரும் அள்ளவில்லை. பல கிணறுகள் பங்குக் கிணறுகள். காணி உறுதியிலேயே கிணற்றில் பங்கு, வாய்க்காலில் பங்கு என்று எழுதியிருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பது ஊருக்குத் தெரியும். ஒருவர் இறைத்தபின் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது.

1950களுக்குப் பிறகு தண்ணீர் இறைக்கும் இயந்திரம் பரவியது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மெசின். 1970களில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துச் செம்மண் பொன் விளையும் மண்ணானது. கல்வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மெசின் என்று வந்தபோது இறைப்பு முறை என்ற சொல் மெல்ல வழக்கொழிந்தது.

மெசினின் கணக்கு இப்படி. மேலே சொன்ன ஒரு இறைப்புக்குத் தேவையான சுத்தமான சக்தி மின்சார அளவில் ஒரு யுனிற்றுக்கும் குறைவு, 0.87 யுனிற். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்குள் இருப்பது ஏறத்தாழ 9.7 யுனிற். அப்படியானால் நூறு மில்லிலீற்றர் போதுமே என்று தோன்றும். நடைமுறையில் இரண்டு லீற்றர் குடிக்கிறது. சின்ன எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகப் புகைக்குழாயால் விட்டுவிடுகிறது. மிச்சத்தில் பாதிக்கு மேல் பம்பும் குழாயும் தின்றுவிடுகின்றன. நூற்றில் ஐந்து பங்குகூடத் தண்ணீரை ஏற்றுவதற்குப் போவதில்லை. வெங்காயம் எழுபது நாள் பயிர். நான்கு நாளுக்கு ஒரு தடவை என்றால் சுமார் பதினெட்டு இறைப்பு, 36 லீற்றர். பழைய விலையில் 3,132 ரூபா. ஆகஸ்ட் 2022இன் விலையில் 12,240 ரூபா. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “நீ மழை நாளையும் கழிக்கேல்லை, மெசின் பழுதான நாளையும் சேர்க்கேல்லை, ஆனால் கிட்டத்தட்டச் சரி” என்றார்.

எரிபொருள் என்றால் மண்ணெண்ணெய் மட்டுமல்ல. யூரியாவும் ஒரு வகையில் எரிபொருள்தான். காற்றிலுள்ள நைதரசனை இயற்கை வாயுவின் சக்தியால் பிடித்துச் செய்யும் பொருள் அது. 2021இல் இரசாயன உரத்தை அரசாங்கம் ஒரே இரவில் தடை செய்து, நவம்பரில் பின்வாங்கியபோது நடந்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் அழுகும் மரக்கறியும் அப்படித்தான். அறுவடைக்குப் பின் 30 தொடக்கம் 40 வீதம் வரை வீணாகிறது என்பது இலங்கையில் மரக்கறி, பழங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வந்து கொட்டாஞ்சேனையில் குப்பைக்குப் போகும் ஒரு மூட்டை கத்தரிக்காயோடு, அதற்கு இறைத்த தண்ணீரும் எரித்த எண்ணெயும் சேர்ந்து போகின்றன. உலக அளவில் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 வீதம் விவசாயத்துக்கும், பயன்படுத்தும் சக்தியில் சுமார் 30 வீதம் உணவை விளைவித்து, பதப்படுத்தி, வீடு சேர்ப்பதற்கும் போகிறது என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் சொல்கிறது.

தடைக்காலத்தின் பாடம்

எங்களுக்கு இது 2022இல் முதன்முதலாக வந்த பிரச்சினை அல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது மின்சாரம் நின்றது. எரிபொருள், உரம், பற்றரி எல்லாம் தடைப்பட்ட பட்டியலில் இருந்தன. நான் பிறந்து விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்குத்தான். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவார்கள். பெரியப்பா மெசினுக்கும் அதையே செய்தார். மண்ணெண்ணெய் முற்றாக இல்லாத கிழமைகளில், தாத்தா காலத்துத் துலாவுக்குப் புதிதாக ஆடுகால் நட்டு மிதித்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது. மெசினோடு வளர்ந்த மனிதர், துலாவில் நடக்கப் பழகும்போது இரண்டு தடவை விழுந்ததை இப்போதும் பெரியம்மா சொல்லிச் சிரிப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, மெசினைக் கொண்டுபோக முடியாது என்று கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது மெசினும் இல்லை, கயிறும் இல்லை. கிணறு இருந்தது. வலிகாமம் வடக்கில் 1990இலேயே வெளியேறியவர்களில் பலருக்கு அதுவும் இருக்கவில்லை. பல வருடங்களின் பின் காணி விடுவிக்கப்பட்டுப் போனவர்கள் முதலில் தேடியது வீட்டை அல்ல, கிணற்றை. சிலருடைய கிணறு தூர்ந்திருந்தது. சிலருடையது குப்பையால் நிரம்பியிருந்தது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளின் கிணறுகளைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர் எதுவும் சொல்ல முடியாது. நீர் முகாமைத்துவம் என்று கருத்தரங்குகளில் பேசுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு எப்போதும் எரிச்சல் தரும். ஒரு நிலத்தடி நீர்ப்படுகையின் மேல் யார் வாழ்கிறார்கள், யாருக்கு அங்கே கால் வைக்க அனுமதியில்லை என்பதைச் சொல்லாமல் அந்த நீரை எப்படி முகாமை செய்வது?

தடைக்காலத்தை நல்ல காலம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. பசியும் பயமும் அதற்குள் இருந்தன. ஆனால் எரிபொருளின் தட்டுப்பாடு கிணற்றுக்கு ஒரு பூட்டாகவும் இருந்தது என்பதை மறைக்கவும் முடியாது. அந்தப் பூட்டு ஏன் முக்கியம் என்பதற்குக் குடாநாட்டின் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் எங்கள் ஆறு. அந்த மழை செம்மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. சுற்றிவரக் கடலும் கடனீரேரியும் என்பதால் அதே கல்லுக்குள் கடல்நீரும் புகுந்திருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதற்குக் காரணம் இதுதான். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நான்கு வில்லைகள். பெரியது வலிகாமத்தில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ளது.

இந்த வில்லைக்கு ஒரு விதி உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயரமாக நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மறுபக்கமாகவும் இது வேலை செய்யும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு அதைப்போல நாற்பது மடங்கு ஏறிவரப் பார்க்கும். வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல எழும்பும். உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்கும்போது கடைசியில் வண்டல் மேலே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் அந்தக் கூம்பு மெதுவாக அடங்கும். அடங்க நேரம் விடாமல் ஒவ்வொரு நாளும் இறைத்தால் ஒரு நாள் கிணறு உவர்க்கும்.

உவர்த்த கிணற்றைச் செலவுக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எட்டு மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து ஆயிரம் லீற்றர் நன்னீரை மின் மோட்டாரால் ஏற்ற, வீணாவதையும் சேர்த்து, 0.05 யுனிற்றுக்குச் சற்று மேல் போதும். கடல்நீரை நன்னீராக்கும் நவீன ஆலைகளுக்கு அதே ஆயிரம் லீற்றருக்கு 3 தொடக்கம் 4 யுனிற் வேண்டும். ஐம்பது மடங்குக்கு மேல். இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்ற திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய நெல்லுக்கே சில போகங்களில் தண்ணீர் போதாது. அதன்பின் வந்ததுதான் தாளையடிக் கடல்நீர் ஆலை. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவோடு 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. குடிக்கக் கிடைக்கும் தண்ணீருக்கு நான் எதிரானவள் அல்ல. மழை இலவசமாக நிரப்பித் தந்த வில்லையைக் கெடுத்துக்கொண்டு, மின்சாரத்தால் கடலைப் பிழிந்து குடிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரில் வெங்காயம் செய்ய முடியாது. கட்டாது.

சக்தி நீரைக் கெடுத்த இன்னொரு கதையும் வலிகாமத்தில் உண்டு. சுன்னாகம் மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கிய விவகாரம் பல வருடங்கள் இழுபட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோட்டக்காரர் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. அளவுக்கு மேல் போடும் யூரியா இறைப்புத் தண்ணீரோடு கரைந்து அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. வலிகாமத்தில் பல கிணறுகளின் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. கூடுதலாக இறைத்தால் கூடுதலாக உரம் கழுவப்படும். கழுவப்பட்டால் மறுபடி போட வேண்டும்.

இந்த முடிச்சு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2023 ஆகஸ்டில் உடவளவை விவசாயிகள், காயும் நெல்லுக்கு சமனலவெவ நீர்த்தேக்கத்தின் தண்ணீரைத் திறந்துவிடும்படி வீதிக்கு இறங்கினார்கள். மின்சார சபையோ, அந்தத் தண்ணீரை விட்டால் தெற்குக்கு மின்வெட்டு வரும் என்றது. இறுதியில் அமைச்சரவை தண்ணீரைத் திறக்கச் சொன்னது. ஒரே தண்ணீர், நெல்லாக வேண்டுமா, மின்சாரமாக வேண்டுமா என்ற கேள்வி. அவர்களுடைய தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் நீர்த்தேக்கத்தில் இருந்ததால் அது தேசியச் செய்தியானது. எங்களுடையது நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

சூரிய மோட்டார் வேண்டுமா?

மண்ணெண்ணெய் விலை ஏறியபின் பெரியப்பா என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். வெயிலுக்குக் காசில்லை, வரிசையில் நிற்கத் தேவையில்லை, 2022 போல ஒன்று திரும்ப வந்தாலும் தோட்டம் காயாது. போரிலும் தடையிலும் அடிபட்ட ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருக்க முடியாது. நானும் உடனே ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் தமிழ்நாட்டைப் பார்த்தேன். அங்கே விவசாய மோட்டார்களுக்கு 1990இலிருந்து மின்சாரம் இலவசம். ஏழை விவசாயியைத் தாங்கிய திட்டம் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் இறைப்பதற்குச் செலவில்லை என்றானபின் நிறுத்துவதற்குக் காரணமும் இல்லாமல் போனது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். அவர்களுக்கு அடியில் பாறை. தண்ணீர் முடிந்தால் முடிந்தது, நல்ல மழை வந்தால் கொஞ்சம் திரும்பும். எங்களுக்கு அடியில் கடல். பஞ்சாபுக்கு வந்த வினை யாழ்ப்பாணத்துக்கு வந்தால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

சூரிய மோட்டாருக்கு ஒரு தடுப்பு வைக்கலாம் என்பதைக் குஜராத்தில் ஒரு சின்னக் கிராமம் காட்டியது. கேடா மாவட்டத்துத் துண்டி. 2016இல் அங்கே சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் சூரியப் பலகைகளை மின் வலையமைப்போடு இணைத்தார்கள். இறைக்காத நேரத்து மின்சாரத்தை விற்கலாம். அப்போது தண்ணீர் இறைப்பது இலவசம் அல்ல. ஒவ்வொரு மணித்தியால இறைப்பும் விற்றிருக்கக்கூடிய மின்சாரம். அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம், வெள்ளவத்தையிலிருந்து ஒரு முச்சக்கரவண்டிப் பயணத் தூரத்தில், பத்தரமுல்லைப் பக்கம் பெலவத்தையில்தான் இருக்கிறது. வலிகாமத்துக்கு இந்த யோசனை ஏன் பெரிதாகப் போய்ச் சேரவில்லை என்பது வேறு கட்டுரை.

சொட்டு நீர், தூவல் நீர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தண்ணீரை மிச்சம் பிடிக்கும், சந்தேகமில்லை. சக்தியையும் மிச்சம் பிடிக்கும் என்று சேர்த்துச் சொல்வதுதான் பிழை. தூவல் குழாய் சுழலுவதற்கு அழுத்தம் வேண்டும். பொதுவாக வேண்டிய அழுத்தம், தண்ணீரை இன்னும் இருபது மீற்றர் தூக்குவதற்குச் சமம். எட்டு மீற்றர் தூக்கிய இடத்தில் 28 மீற்றர். தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் சக்தி முன்னையதைவிட ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். ஆழம் குறைந்த கிணறுள்ள எங்களுக்கு இது கவனிக்க வேண்டிய கணக்கு. ஐந்து ஆறு அடி உயரத்தில் ஒரு தாங்கி வைத்து, அதிலிருந்து தன் பாட்டில் இறங்கும் குறைந்த அழுத்தச் சொட்டு நீர் எங்கள் ஆழத்துக்குப் பொருந்தும். ஒரு சிக்கல், சுண்ணாம்புத் தண்ணீர். எங்கள் கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படிவு சொட்டுத் துளையிலும் படியும். வடிகட்டியும் இடையிடையே அமிலக் கழுவலும் இல்லாமல் பூட்டியவர்கள் இரண்டாம் போகத்தில் குழாயைச் சுருட்டி வேலியில் தொங்கவிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

செலவில்லாத வேலைகள் சிலவும் உண்டு. விட்டம் பாதியான குழாய்க்குள் அதே அளவு தண்ணீரைத் தள்ளினால் உராய்வால் வீணாவது ஏறத்தாழ முப்பது மடங்கு கூடும். மெசினோடு வந்த குழாயைவிட ஒரு அளவு பெரிய குழாய் போட்டு, தேவையற்ற வளைவுகளைக் கழற்றி, ஒழுகும் புட் வால்வை மாற்றினாலே எண்ணெய் குறைகிறது என்று கையில் பிடித்துப் பார்க்கலாம். உச்சி வெயிலில் இறைக்காமல் அதிகாலையில் இறைப்பது, மண் வாய்க்காலுக்குப் பதிலாகக் குழாய் விடுவது, பாத்திக்கு வைக்கோல் மூடாக்குப் போடுவது எல்லாம் பழைய விடயங்கள். நான் சொல்லி யாரும் கற்க வேண்டியதில்லை.

எனக்குப் புதிதாகப் பட்டது ஒன்றுதான். மெதுவாக இறைத்தல். சின்ன மோட்டாரால் நீண்ட நேரம் இறைத்தால் கிணற்று மட்டம் குறைவாகவே இறங்கும். தூக்க வேண்டிய உயரம் குறையும், குழாய் உராய்வு குறையும், சக்தி குறையும். உப்புக் கூம்பும் பெரிதாக எழும்பாது. நீரையும் சக்தியையும் கிணற்றையும் ஒரே செயல் காப்பாற்றும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேகமாக இறைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பைத்தான் விட வேண்டியிருக்கிறது. பெரியப்பா போன்றவர்களுக்கு அதுவும் சின்ன விடயமல்ல. காலையில் இறைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

போன தையில் தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா போன்ற கருவி ஒன்றை வாங்கி, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இரவு புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் அவருக்கு அனுப்பினேன். எழுதிய தாள் ஒன்றும் வைத்தேன். உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி நீரின் மின்கடத்துதிறன் 800 மைக்ரோசீமன்ஸ் வரை இருந்தால் வெங்காயம் முழு விளைச்சல் தரும். 1,800இல் கால்பங்கு குறையும், 2,900இல் பாதி போய்விடும். பீற்றூட் 2,700 வரை தாங்கும். முதல் இரண்டு கிழமை அவர் கருவியைத் தொடவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்பது அவருடைய வாதம். 2,000ஐத் தாண்டும் வரை நாக்கு சரியாகச் சொல்லாது என்றேன். நம்பவில்லை.

பிறகு ஒரு காலை குரல் பதிவு வந்தது. இறைக்க முதல் 1,100. பழைய மெசினால் இரண்டு மணித்தியாலம் இறைத்தபின் 1,450. அடுத்த நாள் விடிய 1,150. அன்றிலிருந்து ஒவ்வொரு இறைப்புக்கும் எழுதுகிறார். பங்குனி கடைசியில் இறைக்க முதலே 1,300 ஆகிவிட்டது. அரைக் குதிரைவலு மின் மோட்டார் ஒன்றைப் பூட்டி, இறைப்பை இரண்டு காலைகளாகப் பிரித்தார். இறைத்து முடிந்த அளவு 1,350க்கு மேல் போகவில்லை. சூரியப் பலகையைப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டிருக்கிறார். வந்தாலும் இதே சின்ன மோட்டாருக்குத்தான் என்கிறார்.

அவருக்கு இப்போதுள்ள தலையிடி பக்கத்து வளவு. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த காசில் மூன்று குதிரைவலு மோட்டாரும் ஆழமான குழாய்க் கிணறும் போட்டிருக்கிறார்கள். வாழை. அவர்கள் இறைக்கும் நாளில் பெரியப்பாவின் கிணற்றுப் படி ஒன்று வெளியே தெரிகிறது. முந்தி அந்த இரண்டு வளவுக்கும் ஒரே பங்குக் கிணறு. உறுதியில் அது இன்னும் இருக்கிறது, மண்ணில் தூர்ந்து போய்விட்டது. கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு கதைக்கப் போகிறேன் என்றார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“இறைப்பு முறை ஒண்டு வைப்பம் எண்டு கேப்பன். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.”

வருகிற ஞாயிறு போகிறாராம். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு.